மூன்றாம் படுக்கை

அவள் இழுப்பறையைத் திறந்தபோது அந்தப் பழைய கைபேசி ஒருமுறை அதிர்ந்து அடங்கியது.

முப்பத்தேழு செய்திகள்.

அது யாருடைய கைபேசியும் அல்ல. ஒரு டயாலிசிஸ் மையத்துக்காக இந்த அலுவலகம் செய்துகொடுத்த முன்பதிவுப் பக்கத்தைச் சோதித்துப் பார்க்க வாங்கியது. சோதனை சர்வரிலிருந்து யாருக்குச் செய்தி போனாலும், அவருக்குப் போகாமல் இங்கே வந்து விழும்.

வழக்கமாக, சோதிப்பவர்கள் விளையாட்டாகப் போட்ட பெயரோடு ‘வணக்கம் மிஸ்டர் தோசை, வயது 999’ என்று வரும்.

இன்று, ‘வணக்கம் செங்கமலம், வயது 58. திங்கள் பகல் 12 மணி. மூன்றாம் படுக்கை உறுதி.’

அடுத்தது ஜெபராணி. அதற்கடுத்தது காதர் மொய்தீன்.

தோசை இல்லை, வடை இல்லை. அத்தனையும் மனிதர்கள்.

இன்று திங்கள். மணி பத்தே முக்கால்.

என்ன நடந்திருக்கும் என்று அவளுக்கு உடனே புரிந்தது.

பக்கம் ஒன்றுதான். எந்த சர்வரோடு பேச வேண்டும் என்ற முகவரி மட்டும் ஒரு சின்னக் கோப்பில் இருக்கும். சோதனைக்கு ஒன்று, நிஜத்துக்கு ஒன்று. பக்கத்தை வெளியிடுவதற்காகத் தொகுத்துப் பில்ட் போடும்போதே அந்த முகவரி உள்ளே வைத்துப் பூசப்பட்டுவிடும். அப்படி வேண்டாம், பக்கம் திறக்கும்போது படித்துக்கொள்ளட்டும் என்று இரண்டு மாதமாகத் தொண்டை வறளச் சொன்னாள்.

யார் கேட்டார்கள்?

சோதனைப் பக்கத்தின் உச்சியில் ‘இது சோதனை’ என்று ஒரு மஞ்சள் பட்டையாவது வைத்திருந்தாள். பார்க்க அசிங்கமாக இருக்கிறது என்று அதையும் எடுக்க வைத்தார் மேலாளர் தணிகைவேல்.

வெள்ளிக்கிழமை அவள் விடுப்பு. அவரே பில்ட் போட்டு வெளியிட்டார். சோதனைக் கோப்போடு.

மூன்று நாளாகப் பதிந்தவர்கள் எல்லோருக்கும் திரையில் பச்சை டிக் வந்திருக்கிறது. மையத்துக்கோ ஒரு பெயர்கூடப் போகவில்லை.

அவள் தணிகைவேலின் மேசைக்குப் போய்ச் சொன்னாள். அவர் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

“இங்க பாரும்மா, டெஸ்ட்ல இருக்கிறது எல்லாமே டெஸ்ட் டேட்டாதான். இப்பத்தான் மொத்தமா அழிச்சேன். நீ சரியான பில்ட போட்டுடு. வெளிய யாருக்கும் தெரிய வேணாம்.”

அழித்துவிட்டாராம்.

ஒருமுறை தவறினாலே மூச்சு முட்டும் ஆட்கள் அவர்கள். இந்த மனிதர் தூசி தட்டுவதுபோலத் தட்டிவிட்டார்.

அவள் கையிலிருந்த அந்தக் கைபேசியை அவர் மறந்திருந்தார்.

ஒவ்வொரு செய்தியின் முதல் வரியிலும், அது உண்மையில் போயிருக்க வேண்டிய எண் இருக்கும். சோதிப்பவர்களுக்கு உதவட்டும் என்று அவள்தான் அந்த வரியை எழுதியிருந்தாள்.

அங்கேயே நின்று முதல் எண்ணை அழுத்தினாள். பேருந்து இரைச்சலுக்கு நடுவே ஒரு ஆண் குரல். செங்கமலத்தின் வீடுதானே என்று கேட்டாள்.

“ஆமாம்மா, எஞ் சம்சாரந்தான். மெசேஜு வரலியேன்னு பாத்தோம். பச்சையா டிக்கு வந்துச்சே, அத நம்பி செய்யாத்துல பஸ்ஸு ஏறிட்டோம். காலு ரெண்டும் வீங்கிக் கெடக்குது. மூணாம் படுக்கதானம்மா?”

மையத்துக்குப் பெயரே போகாததால், பன்னிரண்டு மணிக்கு மூன்றாம் படுக்கை வேறு யாருக்கோ போயிருக்கும்.

அவள் கைபேசியைத் தணிகைவேலின் காபிக் கோப்பைக்குப் பக்கத்தில் வைத்தாள். ஸ்பீக்கரை அழுத்தினாள்.

“டெஸ்ட் டேட்டா பேசுது, சார். பதில் சொல்லுங்க.”

அவர் முதல்முறையாக நிமிர்ந்தார்.

கைபேசியில் கண்டக்டரின் விசில் கேட்டது. யாரோ ஒரு பெண் இருமினாள்.

“அலோ? அலோ... லைன்ல இருக்கீங்களா?”