ஆறாம் பக்கம்

அவர் போனைப் பேப்பருக்கு மேலே பிடித்தார்.

"கொஞ்சம் உயரமாகப் பிடிக்கவும்," என்றது அது. பெண் குரல்.

அடுப்படியில் தோசை வார்த்துக்கொண்டிருந்தவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அவர் கண் மங்கிப் பதினோரு வருடம். அன்றிலிருந்து காலைக் காபிக்குப் பிறகு பேப்பர் படித்துக் காட்டுவது அவள்தான். காய்ச்சலோடும் படித்திருக்கிறாள். தொண்டை கட்டியபோது பனங்கற்கண்டை வாயில் அடக்கிக்கொண்டு படித்திருக்கிறாள்.

போன வாரம் கண் ஆஸ்பத்திரியில் யாரோ புண்ணியவதி இந்தச் செயலியைப் போட்டுக் கொடுத்தாள். எழுத்தைக் காட்டினால் படிக்கிறது.

தினமும் அவர் அதில் புதிதாக ஒன்றைக் கண்டுபிடித்தார். மாத்திரை அட்டையின் பெயரைச் சொல்கிறது. வாசலில் ஆள் நின்றால் சொல்கிறது. நேற்று அவர் சட்டை என்ன நிறம் என்றுகூடச் சொன்னது.

நீலம்.

அந்த நீலத்தைக் கடையில் முக்கால் மணி நேரம் தேடி எடுத்தவள் இவள்.

அதையெல்லாம் பொறுத்துக்கொண்டாள். படித்து முடித்ததும் அதனிடம் அவர், "தேங்ஸ்மா," என்றாரே, அதைத்தான் பொறுக்க முடியவில்லை.

கல்யாணமாகி முப்பத்தெட்டு வருடம். இவளுக்கு ஒரு தேங்ஸ் வந்ததில்லை.

முந்தாநாள் அவர் குளிக்கப் போன நேரம் பார்த்து, போனை நோண்டி அந்தக் குரலை ஆண் குரலாக மாற்றி வைத்தாள்.

"அட, இதுவும் இருக்கா இதுல!" என்று அவர் குழந்தை மாதிரி குதித்தார். குரல் மாற்றும் இடத்தையும் தடவித் தடவிக் கற்றுக்கொண்டார். மறுபடி அந்தப் பெண் குரலையே கூப்பிட்டுக்கொண்டார்.



இன்று அது மழைச் செய்தியையும் தங்க விலையையும் கலந்து கட்டிப் படித்தது. நன்றாக உளறட்டும் சிறுக்கி, என்று தோசையைத் திருப்பினாள்.

அவர் தாளைப் புரட்டும் சத்தம் கேட்டது.

ஐந்தாம் பக்கம் முடிந்திருந்தது.

கரண்டியோடு கூடத்துக்கு ஓடினாள்.

ஆறாம் பக்கத்தை அவள் படித்துக் காட்டுவதில்லை. போட்டோ போட்ட அஞ்சலிகள் வரும் பக்கம். ஐந்து முடிந்ததும் ஏழுக்குப் போய்விடுவாள். அவரும் கேட்டதில்லை.

போன வருடம் அதில் சேவியர் வந்திருந்தார். வாலிபாலில் சேவியர் தூக்கிக் கொடுப்பார், இவர் அடிப்பார். இருபது வருடம் அப்படி ஆடியவர்கள். அப்போதுதான் இவருக்கு இருதயத்தில் ஸ்டென்ட் வைத்திருந்தது. அதிர்ச்சியான எதையும் சொல்லக் கூடாது என்றிருந்தார் டாக்டர்.

"முதலாம் ஆண்டு நினைவஞ்சலி," என்றது போன். "எஸ். சேவியர். உங்கள் பிரிவால் வாடும் மனைவி, மக்கள், பேரக்குழந்தைகள். சுத்தமான செக்கு நல்லெண்ணெய். இன்றே வாங்குங்கள்."

மூச்சுகூட விடவில்லை அது.

அவர் போனை அணைத்தார். தேங்ஸ் சொல்லவில்லை.

அடுப்பில் தோசை கருகும் வாசனை வந்தது. அவளால் நகர முடியவில்லை.

"ஏங்க..."

"போன வருசமே தெரியும் மங்கை."

அவள் கரண்டியை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"அஞ்சாம் பக்கம் முடிஞ்சதும் உனக்குக் குரல் அடைச்சிது. ஏழாம் பக்கத்துல கிரிக்கெட்ல ஜெயிச்சத அழுதுக்கிட்டே படிச்ச. சாயங்காலம் நான் கேக்காமலே, சேவியர் தன் மகனோட துபாய் போயிட்டார்னு சொன்ன."

"அப்புறம் ஏன் ஒரு வார்த்தை கேக்கல?"

அவர் பேப்பரைத் தடவி, மடித்து, அவள் நின்ற பக்கமாக நீட்டினார்.

"இந்தப் போனுக்குக் குரலே அடைக்க மாட்டேங்குது. நீ படி."

அவள் அடுப்பை அணைத்துவிட்டு வந்தாள். போனை எடுத்து மேசையில் கவிழ்த்து வைத்தாள். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அவர் அருகில் உட்கார்ந்தாள்.

ஆறாம் பக்கம்.

சேவியர் சட்டையில் விசில் தொங்க, சிரித்துக்கொண்டிருந்தார்.

"முதலாம்..." என்று தொடங்கினாள். அதற்கு மேல் வரவில்லை.

அவர் தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தார்.