பனிக்கு இடமில்லை

பினாங்கில், ஆயர் ஈத்தாம் அடுக்குமாடிக் குடியிருப்பில் ஓவியப் போட்டி. தலைப்பு, 'என் ஊர்'. முதல் பரிசு பெறும் படத்தைக் கீழே லிஃப்ட் பக்கத்தில் மாட்டுவதாக ஏற்பாடு.

நடுவர் கோகிலன். ஓவியம் பற்றித் தெரியுமோ தெரியாதோ, மண்வாசனை பற்றிப் பேச மைக் கிடைத்தால் விடமாட்டார்.

வரிசையாகப் பார்த்துக்கொண்டு வந்தவர், ஒரு படத்தின் முன் நின்றுவிட்டார். பனி மூடிய கிராமம். கோடு எதுவும் தெளிவாக இல்லை. நீலமும் வெள்ளையுமாகத் தொட்டுத் தொட்டு அப்பியிருந்தது. தள்ளி நின்று பார்த்தால்தான் கூரைகளும் பாதையும், ஒரு வாசலில் நிற்கும் உருவமும் தெரிந்தன.

நல்ல படம்தான் என்று அவருக்கே தோன்றியது. அதனாலேயே எரிச்சல் கூடியது.

யார் வரைந்தது என்று கேட்டார். மூன்றாவது மாடி சாதிக்கின் மனைவி லைலா, கல்யாணமாகிப் போன வருஷம்தான் இங்கே வந்தவள் என்றார்கள்.

"பினாங்குல பனியை ஐஸ் கச்சாங்லதான் பார்க்கலாம். யாரோ பிரெஞ்சுக்காரன் வரைஞ்ச படத்தைப் பார்த்துக் காப்பி அடிச்சிருக்காங்க லா" என்று, அதை ஓரமாகச் சாத்திவைக்கச் சொன்னார்.

முதல் பரிசு லோகேஸ்வரிக்கு. தென்னந்தோப்பு, மாட்டு வண்டி, கோபுரம், இடுப்பில் குடத்தோடு ஒரு பெண். கோகிலனுக்குக் கண் கலங்கிவிட்டது. தமிழ்நாட்டில் அது எந்த ஊர் என்று மேடையிலேயே விசாரித்தார்.

லோகேஸ்வரி நெளிந்தாள். தமிழ்நாட்டுக்குப் போனதே இல்லை, பிறந்து வளர்ந்ததெல்லாம் பட்டர்வொர்த், கைப்பேசியில் தேடிப் பிடித்த படங்களை ஒன்றாகச் சேர்த்து வரைந்தேன் என்றாள்.

"போகலேன்னா என்னம்மா, ரத்தத்துல இருக்குல்ல" என்றார் கோகிலன். கூட்டம் கைதட்டியது.

எல்லோரும் மீகூன் சாப்பிடப் போன பிறகு, லைலா தன் படத்தை எடுக்க வந்தாள். கோகிலனுக்குப் பாவமாக இருந்தது. புதிதாக வந்த பெண், நாலு நல்ல வார்த்தை சொல்லி அனுப்பலாம் என்று பக்கத்தில் போனார்.

"உனக்குக் கை நல்லா வருதும்மா. ஆனா கண்ணால பார்த்த ஊரை வரையணும். அடுத்த வருஷம் அப்படி வரை, என்ன?"

லைலா தலையாட்டினாள். பிறகு, புருஷனிடம் கற்றுக்கொண்ட தமிழில் ஒவ்வொரு சொல்லாகத் தேடி எடுத்துச் சொன்னாள்.

"நான் காஷ்மீர், அண்ணே. இது எங்க வீடு. வாசல்ல நிக்கிறது எங்கம்மா. நான் இங்க கிளம்பி வந்த அன்னைக்கு, இப்படித்தான் நின்னாங்க."