சாளைக் குழம்பு

"ரெண்டு நாளா அடுப்பு பத்த வைக்கல. பிள்ளைக்குக் கஞ்சிகூட இல்லையே!"

புருஷனைக் கடலில் பறிகொடுத்தவள் வாசற்படியில் உட்கார்ந்து அழுதாள். தெருவில் ஒரு கதவுகூடத் திறக்கவில்லை.

கடைசியில் எதிர்வீட்டு மெட்டில்டாதான் குழம்புச் சட்டியோடு ஓடிவந்தாள்.

"ஏளா, அழாத. சாளைக் குழம்பு, சூடா இருக்கு. முதல்ல சாப்பிடு."

"கட்! கட்!" கத்தினார் இயக்குநர். "மூணாவது தடவை! ஷூட்டிங் முடியற வரைக்கும் எல்லாரும் கதவைச் சாத்திக்கிட்டு உள்ள இருங்கன்னு சொன்னேன்ல?"

"சாத்திட்டுத்தான் சார் இருந்தேன். இந்தப் பொண்ணு அழுறது உள்ள வரைக்கும் கேக்குதே!"

"கதைப்படி இந்தத் தெருவுல யாரும் அவளுக்குச் சோறு போடக் கூடாதும்மா."

மெட்டில்டாவுக்குச் சுள்ளென்று வந்தது.

"வள்ளம் கரைக்கு வந்ததும், ஆம்பள இல்லாத வீட்டுக்குத்தான் முதல்ல குழம்புக்கு மீன் எடுத்து வைப்போம். பட்டினி போடணும்னா வேற தெருவப் பாருங்க சார்!"

இயக்குநர் கதாநாயகியின் பக்கம் திரும்பினார்.

அவள் சட்டியிலிருந்து இன்னொரு மீனை எடுத்துக்கொண்டே கேட்டாள்.

"சார், இன்னொரு டேக் போலாமா?"