ஆளுக்கொரு பிடி மண்

கான்கிரீட் லாரி பின்னால் நகர்ந்து வந்துகொண்டிருந்தபோது எத்தெல்வினா கம்பிவேலியருகே போய்ச் சேர்ந்தாள்.

சருமா என்ற அந்த மலையூரில் அன்று கடைகள் திறக்கவில்லை. மாடங்களில் எல்லாம் ஆட்கள். பள்ளிக்கூடத்துப் பேண்டு செட் ஓரமாகக் காத்திருந்தது. தெருவின் நடுவில், மூன்று மரவீடுகள் தோளோடு தோள் உரசி நின்ற இடத்தில், அந்தப் பள்ளம்.

எட்டிப் பார்த்தால் அடி தெரியவில்லை. மலைப்பனி அதற்குள்ளும் இறங்கியிருந்தது.

தங்கத் திருடர்கள் பழைய சுரங்கங்களுக்குள் புகுந்து, ஊருக்கு அடியிலேயே குடைந்துகொண்டு வந்திருக்கிறார்கள். இரண்டு வருடத்துக்கு முன் ஒரு டிசம்பர் மாலையில் தெரு உள்வாங்கியது. மரம் முறிகிற சத்தம் கேட்டு வீட்டிலிருந்தவர்கள் வெளியே ஓடிவந்துவிட்டார்கள். அன்றிலிருந்து மூடப்போகிறோம், மூடப்போகிறோம் என்று சொல்லி, இன்றைக்குத்தான் மூடுகிறார்கள்.

"அடியே, கடற்கரைக்குப் போய் இப்படிக் கருவாடா ஆயிட்டியேடி."

ரோசாவுரா. பள்ளம் விழுங்கிய மூன்று வீடுகளில் நடுவீடு அவளுடையது. அதன் பின்கட்டில்தான் எத்தெல்வினா இருபது வருடம் குடியிருந்தாள். வீடு போனதும் எத்தெல்வினா கடலோர மச்சாலாவுக்கு இறங்கி, வாழைக்காய்க்குப் பெட்டி கட்டுகிற கொட்டகையில் வேலைக்குச் சேர்ந்துவிட்டாள். ரோசாவுரா ஊரைவிட்டுப் போகவில்லை. தங்கை வீட்டில் ஒண்டிக்கொண்டு, வேலியோரமாகக் காப்பி விற்கிறாள்.

ஒரு கோப்பையை எத்தெல்வினாவின் கையில் திணித்தாள்.

"உன் மகன், என் ஞானப்பிள்ளை, எப்படிடி இருக்கான்? ஸ்பெயினுக்குப் போனதும் ஞானத்தாயை மறந்துட்டான் பாரு. ஒரு வார்த்தை பேசறதில்லை."

"வேலை ஜாஸ்தியாம் அக்கா. கேட்டதாச் சொல்லச் சொன்னான்."

"கழுதை. வரட்டும், காதைத் திருகுறேன்."

காப்பி சூடாக இருந்தது. எத்தெல்வினா ஒரே மூச்சில் குடித்துவிட்டு, மஞ்சள் தொப்பி போட்ட இஞ்சினியரிடம் போனாள்.

"தம்பி, உள்ளே யாராவது இருந்தா?"

"கேமரா இறக்கிப் பார்த்தாச்சும்மா. தண்ணியும் சேறும்தான்."

"சேத்துக்கு அடியில?"

இஞ்சினியர் பதில் சொல்வதற்குள் ரோசாவுரா பின்னாலிருந்து சொன்னாள்.

"இருந்தா ஒண்ணு ரெண்டு எலி இருக்கும். அதுங்க மேலயும் சேர்த்துக் கொட்டுங்க. அப்பதான் எனக்குத் தூக்கம் வரும்."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். எத்தெல்வினாவுக்கு இன்னொரு வார்த்தை நாக்கு நுனிவரை வந்தது. அதற்குள் பேண்டு செட் ஆரம்பித்துவிட்டது.

லாரி கொட்டுவதற்கு முன்னால், வீடிழந்தவர்கள் ஆளுக்கொரு பிடி மண் போடவேண்டும் என்று ஏற்பாடு. ஓரத்தில் மண்ணைக் குவித்து வைத்திருந்தார்கள். ஒவ்வொருவராகப் போய் அள்ளினார்கள். எறிகிறபோது ஆளுக்கொரு சாபமும் விட்டார்கள். பாதிரியார் தடுக்கவில்லை. கேட்காதவர்போல மலையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

ரோசாவுரா இரண்டு கையாலும் அள்ளினாள்.

"எங்கப்பன் இழைச்சு இழைச்சுக் கட்டின வீடுடா. உங்கள்ல ஒருத்தனைப் பெத்தவளுக்கும் கொள்ளி வைக்கப் பிள்ளை மிஞ்சக்கூடாது."

எறிந்துவிட்டு வந்து, எத்தெல்வினாவின் முதுகைப் பிடித்து முன்னால் தள்ளினாள்.

"போடி. உனக்கும் பாத்தியதை இருக்கு."

எத்தெல்வினா குனிந்தாள். மண் ஈரமாக இருந்தது. அதிலிருந்த கூழாங்கற்களை ஒவ்வொன்றாகப் பொறுக்கி ஓரமாகப் போட்டாள். பேண்டு செட் நின்றுவிட்டது. ஊரே அவள் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தது.

விளிம்பில் மண்டியிட்டுக் கையை விரித்தாள்.

"என் வயித்துல மண்ணை அள்ளிப் போட்டுட்டியேடா, பாவி."

 மாடங்களிலிருந்து கைதட்டல் கேட்டது. ரோசாவுரா அவளைத் தூக்கி நிறுத்தி, சால்வை நுனியால் அவள் முகத்தைத் துடைத்தாள்.

"நறுக்குனு கேட்ட. நாங்க எல்லாம் கத்தினதைவிட அதுதான் உறைக்கும்."

பாதிரியார் கார்மேல் மாதாவுக்கு நன்றி சொன்னார். இவ்வளவு பெரிய ஆபத்தில் ஓர் உயிர்கூடப் போகாமல் காத்தாளே, அதற்காக. எல்லோரும் ஆமென் சொன்னார்கள். எத்தெல்வினாவும் சொன்னாள்.

லாரிகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து கொட்டின. கூட்டம் மெல்லக் கலைந்தது. ரோசாவுரா வாழைக்காய் மசியலும் முட்டையும் கொண்டுவந்து கொடுத்தாள். எத்தெல்வினா தட்டைக் கையில் பிடித்தபடியே நின்றாள். உட்காரச் சொன்னார்கள், உட்காரவில்லை. கடைசி லாரி போன பிறகு தட்டைத் திருப்பிக் கொடுத்தாள்.

மாலை பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. பக்கத்தில் குவயாக்கில் நகரத்திலிருந்து வந்திருந்த ஒரு பெண், தான் எடுத்த படங்களை போனில் தள்ளித் தள்ளிப் பார்த்துக்கொண்டிருந்தாள். கோயில், மரமாடங்கள், சுரங்க வாசலில் ஹெல்மெட்டோடு அவள். முதல் வளைவு தாண்டியதும் பேச்சுக் கொடுத்தாள்.

"எவ்வளவு அழகான ஊர் இல்லைக்கா? நீங்களும் சுத்திப் பார்க்கத்தான் வந்தீங்களா?"

எத்தெல்வினா அந்தப் பெண்ணைப் பார்த்தாள். முன்பின் பார்த்திராத முகம். இனியும் பார்க்கப் போவதில்லை.

"இல்லம்மா. மகனை அடக்கம் பண்ண வந்தேன்."

அந்தப் பெண் போனைத் திருப்பி மடியில் வைத்தாள். எத்தெல்வினாவின் பக்கம் திரும்பிக் கேட்டாள்.

"எந்தக் கல்லறையிலக்கா?"

"தெருவுல" என்றாள் எத்தெல்வினா. "நடுத்தெருவுல."