மனுசி போட்ட தேத்தண்ணி

படகு களங்கண்டித் தடிகளை நோக்கித் திரும்பிக்கொண்டிருந்தது.

அனலைதீவுக்குப் போகும் பாதை அதுவன்று. மீன்களை அடைப்பதற்காகக் கடலில் நட்ட அந்தத் தடிகளை, லியோன் கண்ணை மூடிக்கொண்டே விலக்கி ஓட்டக்கூடியவர் என்று ஊரில் சொல்வார்கள். இன்று அவருடைய கண்கள் உண்மையாகவே மூடியிருந்தன.

“இஞ்சேருங்கோ!” என்று கத்தினாள் அவருடைய மனைவி மேரிசுகந்தி.

அவர் திடுக்கிட்டுச் சுக்கானைத் திருப்பினார். தடியொன்று படகின் விலாவை உரசிக்கொண்டு போயிற்று. தாய்மார் பிள்ளைகளை இறுக அணைத்துக்கொண்டார்கள்.

“என்ன லியோன் அண்ணை, காலமையே கள்ளோ?” என்றார் மனோகரி டீச்சர்.

சிலர் சிரித்தார்கள். சிரிக்காதவர்களே அதிகம். குடித்துவிட்டுப் படகோட்டினார் என்று ஒரு முறைப்பாடு போனால் போதும். நாளைக்கே அந்தச் சுக்கான் வேறொருவர் கைக்குப் போய்விடும்.

மேரிசுகந்தி கைப்பையைத் திறந்தாள்.

உள்ளே இரண்டு பெட்டிகள். ஒன்றில், லியோனுடைய மூச்சுமுட்டுக்கும் ஒவ்வாமைக்கும் சேர்த்து ஆஸ்பத்திரியில் கொடுத்த குளிசை. இரவில் ஒன்று மட்டும், நித்திரை வரும், வேறு தும்மல் குளிசை எதையும் இதோடு சேர்க்க வேண்டாம் என்று அங்கே தெளிவாகவே சொல்லியிருந்தார்கள்.

மற்றையது, கனடாவிலிருந்து மச்சாள் அனுப்பிய பார்சலில் வந்த தும்மல் குளிசை. வெளிநாட்டிலிருந்து வந்ததும் அந்தக் கணக்கில் சேரும் என்று அவளுக்குத் தோன்றவேயில்லை.

இப்போதுதான் அந்தப் பெட்டிகளின் பொடி எழுத்துக்களை எழுத்துக்கூட்டி வாசித்தாள். ஆஸ்பத்திரிக் குளிசைக்குள் இருந்த இரண்டு மருந்துகளில் ஒன்றின் பெயர், கனடாப் பெட்டியிலும் இருந்தது.

பின்னால் லியோன் தலையை உதறிக்கொண்டார்.

“ராத்திரி ஆஸ்பத்திரிக் குளிசை போட்டனான் டீச்சர். அதுக்குப் பிறகு வேற ஒண்டும் தொடேல்லை. வேணுமெண்டால் மணந்து பாருங்கோ, காலமையிலயிருந்து குடிக்கிறது மனுசி போட்ட தேத்தண்ணிதான்!”

பிளாஸ்க்கின் மூடியை நிரப்பி, எல்லோரும் பார்க்கும்படி வாயருகே கொண்டுபோனார்.

மேரிசுகந்தி பாய்ந்து அதைப் பறித்தாள். பாதி அவளுடைய சேலையில் சிந்தியது.

டீச்சரின் புருவம் உயர்ந்தது. படகு முழுவதும் அந்த மூடியையே பார்த்தது.

மிச்சத்தைக் கடலில் ஊற்றிவிடலாம். ஊற்றினால் அது கள்ளாகவே இருந்துவிடும்.

“தம்பி உதயன், சுக்கானைக் கொஞ்சம் பிடியும்,” என்று பக்கத்திலிருந்த மீனவ இளைஞனிடம் சொல்லிவிட்டு, மூடியை டீச்சரிடம் நீட்டினாள். அதில் வெள்ளைத் துகள்கள் மிதந்தன.

“கள்ளில்லை டீச்சர், கனடாக் குளிசை. தந்தால் போடமாட்டார் எண்டு நான்தான் இடிச்சுக் கரைச்சனான்.”