தோளில் போட்ட பட்டு

முன்னால் பட்டுகள் மலையாகக் குவிந்தும், முகூர்த்தத்துக்கு எதை எடுப்பதென்று சுடர்க்கொடிக்குப் புரியவில்லை. அலுத்துப்போன கடைக்காரர், “கல்யாணப்பொண்ணு அப்படியே நில்லும்மா, தோள்ல போட்டுப் பாத்தாத்தான் தெரியும்” என்று, பக்கத்தில் நின்றிருந்த, இன்னும் கல்யாணமாகாத அக்கா வான்மதியின் தோளில் அரக்குப் பட்டைப் போர்த்திவிட்டார்.

அம்மா தலையைக் குனிந்துகொண்டாள்.

“ஏம்ப்பா, பொண்ணு இவ இல்ல, சின்னவ! நல்லா பாத்தே போ” என்றாள் மாப்பிள்ளையின் தாயார்.

வான்மதி அசையாமல் நின்றாள். கடைக்காரர் பதறிப்போய்ப் புடவையை எடுக்கக் கை நீட்டினார். இந்தப் புடவை பிடித்திருக்கிறதா, அக்காவின்மேல் இருப்பதால் பிடிக்கிறதா என்று சுடர்க்கொடிக்கு விளங்கவில்லை.

“இருங்கண்ணே. அக்கா, கொஞ்சம் திரும்பு, முந்தானையைப் பாக்கணும்.”

அக்கா மெதுவாகத் திரும்பினாள். கண்ணை மட்டும் எதிரிலிருந்த கண்ணாடியிலிருந்து எடுக்கவே இல்லை.