கோளாறு வேண்டும்

"கோளாறைச் சரி பண்ணச் சொல்லலம்மா. கோளாறு வேணும்னு சொல்றேன்!"

கலைக்கடல் மேசையைத் தட்டிய தட்டில் ஸ்குரூ டப்பா துள்ளியது. சால்டரிங் கம்பியை ஸ்டாண்டில் வைத்துவிட்டு நிமிர்ந்தாள் மெக்கானிக். அவருடைய பெயர் அவளுக்குத் தெரியாது. அவர் நீட்டிய விசிட்டிங் கார்டின் முன்பக்கம் முழுக்கப் பட்டங்கள்; முதல் பட்டம் 'கலைக்கடல்'. பெயர் பின்பக்கம் இருக்கக்கூடும்.

மேசையில் வயிற்றைத் திறந்து கிடந்தது பழைய மேடை விளக்கு. நடிகர் போகிற பக்கமெல்லாம் வட்டம் போட்டுத் துரத்துகிற ரகம்.

"சார், நேத்து வந்தப்போ இது எரியவே இல்ல. பவர் சப்ளை போர்டுல கெப்பாசிட்டர் உப்பிப் போயிருந்துச்சு. மாத்திட்டேன். இப்ப ஜம்முனு எரியுது. அதுக்கா சண்டைக்கு வர்றீங்க?"

"ஜம்முனு எரிஞ்சு யாருக்கு வேணும்? நடுவுல ஒரு தடவை அணையணும்."

"அணையணுமா?"

கலைக்கடல் நாற்காலியை மேடையாக்கி நிமிர்ந்து உட்கார்ந்தார். "மூணாவது காட்சி. இளவரசி முன்னாடி மண்டி போட்டு, 'உன்னைப் பிரிந்தால் என் உலகம் இருண்டுவிடும்'னு சொல்வேன். சொல்லி வாயை மூடறதுக்குள்ள லைட் பொசுக்குனு அணையும். ஒரு மூச்சு நேரம்தான். திரும்ப எரியும்போது கூரை இடியற மாதிரி கைதட்டு!"

"கைதட்டு உங்களுக்கா, லைட்டுக்கா?"

அவர் மீசையைத் தடவினார். விரலில் மை ஒட்டியது. "நடிப்புக்கும்மா! லைட்டு அதுல ஒரு... துணைப் பாத்திரம்."

"தினமும் அணையுமா?"

"எந்த ஊர்ல நாடகம் போட்டாலும். லைட் பிடிக்கிற ஆளை அன்னிக்கே வறுத்தெடுத்துடுவேன். 'என் முகம் தெரிய வேண்டிய நேரத்துல இருட்டாக்குறியே'ன்னு. அது சிரிச்சுக்கிட்டே, 'போர்டு சரியில்லைங்க'ன்னு சொல்லும்."

"கைதட்டையும் வாங்கிக்கிட்டு, திட்டவும் செஞ்சீங்களாக்கும்."

"அப்புறம் ஒரு நாள் அந்தக் கோளாறு நின்னு போச்சு. கைதட்டும் நின்னு போச்சு. லைட் எரிஞ்சிட்டிருந்தப்பவே காட்டாத மெக்கானிக் இல்ல. எல்லாரும் போர்டு நல்லாயிருக்குன்னுட்டாங்க." அவர் குரல் மேடையை விட்டு இறங்கியது. "நாளைக்கு மறுபடியும் அதே நாடகம். அந்த இருட்டு இல்லாம அந்த வசனம் எனக்கே பொய்யாப் படுதும்மா."

மெக்கானிக் போர்டைத் திருப்பினாள். ஓரத்தில், சம்பந்தமே இல்லாமல் இரண்டு மெல்லிய வயர்கள் கிளம்பிக் கைப்பிடிக்குள் போயின. கைப்பிடியின் அடியில் விரலால் துழாவினாள். ஒரு காலிங் பெல் பட்டன். கட்டைவிரல் பட்டுப் பட்டு நடுவில் குழிந்திருந்தது.

"சார், நீங்க இந்த லைட்டை ஒரு நாளாவது பிடிச்சிருக்கீங்களா?"

"நான் எதுக்கும்மா லைட்டைப் பிடிக்கணும்? லைட்டுதான் என்னைப் பிடிக்கும்."

"வார்த்தை பார்த்து அணையற போர்டு உலகத்துலயே கிடையாது. அந்த ஆள் வேணும்னே இதை அழுத்தியிருக்காரு. உங்களுக்குக் கைதட்டு வாங்கிக் கொடுத்தது இந்தப் பட்டன்தான். இப்ப எங்கே அவரு?"

கலைக்கடல் பட்டனையே பார்த்தார்.

"போயிட்டா."

"போயிட்டா... ளா?"

"அவ அண்ணன் வீட்டுக்கு. 'இனிமே அந்தக் கோளாறு வராது'ன்னு சொல்லிட்டுத்தான் போனா. போர்டைச் சரி பண்ணிட்டாளாக்கும்னு நினைச்சேன்."

"அவங்க உங்களுக்கு...?"

"வீட்டுக்காரி."

மெக்கானிக் மூடியைப் போட்டு ஸ்குரூவை முடுக்கினாள். "போர்டுக்கு நான் கியாரண்டி சார். கோளாறு வேணும்னா அண்ணன் வீட்டு வாசல்ல போய் நில்லுங்க."

ஷட்டரை இறக்கி, சோதனைக்காக விளக்கைப் போட்டாள். கலைக்கடல் முதல் முறையாக விளக்குக்குப் பின்னால் போய் நின்றார். எதிர்ச் சுவரில் வெறும் வட்டம். அதைப் பார்த்து மெதுவாக வசனத்தைச் சொன்னார். "இருண்டுவிடும்" என்ற இடத்தில் கட்டைவிரலை அந்தக் குழியில் வைத்து அழுத்தினார்.

ஒரு மூச்சு நேரம்.

வெளிச்சம் திரும்பியபோது அவர் கைதட்டிக்கொண்டிருந்தார், அந்தக் கைப்பிடியைப் பார்த்து.